பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போறீங்களா? முதல்ல புதுக்கோட்டைப் பக்கம் போய்ட்டு வாங்க!

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று சொல்லிவைத்தவர், தாத்தா கட்டிய வீட்டைப் புதுப்பித்துப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் பழமொழியில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்!

புது வீடு கட்ட பிளான் இருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. பழைய வீட்டில் அப்படி எதுவும் கிடையாது. ஓட்டைப் பிரித்தால்தான் ரீப்பர் உளுத்திருப்பது தெரியும். ரீப்பரைக் கழற்றினால்தான் கைமரத்தில் கரையான் இருப்பது தெரியும். மூன்று காண்ட்ராக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினால் ஒருவர் 'பூசிடலாம்' என்பார், ஒருவர் 'கான்கிரீட் போட்டுடலாம்' என்பார், மூன்றாமவர் 'இடிச்சிட்டுப் புதுசா கட்டிடுங்க, அதான் லாபம்' என்பார். இந்த மூவரில் யாரை நம்புவது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நல்ல இடம் புதுக்கோட்டை மாவட்டம். நூறு வருடம் தாண்டிய வீடுகளை நகரத்து வீதிகளிலும் பார்க்கலாம், கிராமத்துத் தெருக்களிலும் பார்க்கலாம். நன்றாகப் பராமரிக்கப்படும் வீடு, தப்பாகப் பழுது பார்க்கப்பட்ட வீடு, பூட்டியே கிடந்து சரிந்த வீடு என மூன்று வகையும் ஒரே தெருவில் வரிசையாக நிற்கும். உங்கள் வீடு மதுரையில் இருந்தாலும் மயிலாப்பூரில் இருந்தாலும், ஒரு நாள் இங்கே நடந்தால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ராஜ வீதிகளில் முதல் பாடம்

1948 வரை தொண்டைமான்களின் தனி சமஸ்தானமாக இருந்த ஊர் புதுக்கோட்டை. கீழ ராஜ வீதி, கீழ இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று கோடு போட்டதுபோல நேராக ஓடும் தெருக்கள் அந்தக் காலத்துத் திட்டமிடலின் அடையாளம். மன்னரின் அரண்மனைதான் இன்றைய ஆட்சியர் அலுவலகம். 2024-ல் மாநகராட்சியாகிவிட்ட இந்த ஊரில், கடைகளின் பளபளப்பான போர்டுகளுக்கு நடுவே திண்ணையும் மரத்தூணுமாக இன்னும் சில வீடுகள் எட்டிப் பார்க்கின்றன.

அந்த வீடுகளின் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் சுவர்கள் கண்ணில் படும். பெரும்பாலும் அங்கே சிமென்ட் பூச்சு இருப்பதையும் பார்ப்பீர்கள்.

காரணம் எளிமையானது. பழைய சுவர்கள் செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்துக் கட்டியவை. இன்றைய வீடுகளில் இருப்பதுபோல அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கும் பட்டை பெரும்பாலும் அவற்றில் இருக்காது. மண்ணின் ஈரம் சுவரில் மெல்ல ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். அந்தச் சுவருக்குமேல் சிமென்டைப் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், இன்னும் மேலே ஏறும். ஈரத்தோடு வரும் உப்பு, பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். புதிதாகப் பூசியபோது ஜம்மென்று இருந்த சுவர், சில வருடங்களில் முன்னைவிட மோசமாகிவிடும். அதன்மேல் வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும்.

எனவே உங்கள் வீட்டுக்கு வரும் காண்ட்ராக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு ஆகும்?' என்பதல்ல. 'இந்தச் சுவர் ஏன் ஓதம் காக்குது?' என்று கேளுங்கள். கூரையைப் பார்த்து, மழைநீர்க் குழாயைப் பார்த்து, வெளியே தரைமட்டம் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்து, பாத்ரூம் பைப்பைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவர் வேலை தெரிந்தவர். நின்ற இடத்திலிருந்தே 'பூசிடலாம் சார்' என்பவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

திருமயத்தைச் சுற்றி...

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருமயம். கோட்டையையும் குடைவரைக் கோயில்களையும் பார்க்க வருபவர்கள் அப்படியே திரும்பிவிடுவார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். கடியாபட்டி, ராயவரம், அரிமளம், விராச்சிலை, குழிபிறை, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி என்று இந்த வட்டாரத்தில் நகரத்தார் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாடு என்றதும் எல்லோரும் சிவகங்கை மாவட்டத்தைத்தான் நினைப்பார்கள். அதன் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்றன.

பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று இந்த வீடுகளின் பெருமையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். வீட்டைப் புதுப்பிக்க நினைக்கும் நாம் பார்க்க வேண்டியது வேறு: தண்ணீர் எப்படிப் போகிறது என்பதை.

முகப்பைத் தாண்டினால் வளவு. அதைச் சுற்றி நான்கு பக்கமும் கூரை உள்நோக்கிச் சரிந்திருக்கும். பெய்யும் மழை நாட்டு ஓட்டில் வழிந்து, தகர வாரியில் சேர்ந்து, முற்றத்தில் விழுந்து, கால்வாய் வழியாகத் தெருவுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் போகும். மழை குறைந்த சீமையில் ஒரு சொட்டும் வீணாகாத ஏற்பாடு இது. இந்தப் பாதையில் எங்காவது ஓர் இடத்தில் அடைப்பு விழுந்தால் போதும், வீடு சரியத் தொடங்கிவிடும். வாரியில் ஒரு ஓட்டை, அதன் கீழே நனையும் உத்தரம், அங்கே வரும் கரையான், பிறகு ஒருநாள் தூணோடு சேர்ந்து இறங்கும் தாழ்வாரம். பூட்டிக்கிடக்கும் பல வீடுகளின் கதை இதுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் இந்த மாவட்டத்தையும் உலுக்கியது. ஓட்டு வீடுகள் பலத்த சேதமடைந்தன. அப்போது ஓடு மாற்றத் தெரிந்த ஆளின் அருமை எல்லோருக்கும் புரிந்தது.

பங்காளிகளிடம் முதலில் பேசுங்கள்

ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பழைய வீடு பெரும்பாலும் ஒருவர் பெயரில் இருக்காது. அண்ணன் தம்பி பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று பங்கு பிரிந்திருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாமல்! கூரை எல்லோருக்கும் பொது, செலவு யாருக்கு?

பொதுவான பகுதி எது, தனித்தனி அறை எது, கூரைக்கும் வளவுக்கும் ஆகும் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கிய வேலை பாதியில் நிற்கும். பாதி பிரித்த கூரை, பிரிக்காத கூரையைவிட ஆபத்தானது. அடுத்த வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அவர்களிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தூண், சுவர், கூரை உயரம் என்று கட்டட அமைப்பே மாறும் வேலையாக இருந்தால், அனுமதி வேண்டுமா என்று ஊராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஆளை எங்கே தேடுவது?

'பழைய வீட்டு வேலை எல்லாம் செய்வோம்' என்று ஒரே ஆள் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். ஓடு மாற்றுபவர் வேறு, மரவேலை ஆசாரி வேறு, சுண்ணாம்புப் பூச்சுக் கொத்தனார் வேறு, தரை ஓடு பதிப்பவர் வேறு. இவர்களை ஒன்றுசேர்த்து வேலை வாங்கத் தெரிந்தவர்தான் நல்ல மேஸ்திரி. அவரை மூன்று இடங்களில் தேடலாம்.

முதலாவது, கோயில். எந்த ஊரில் திருப்பணி நடக்கிறதோ, அங்கே சுண்ணாம்புச் சாந்து தெரிந்த கொத்தனார்கள் இருக்க வாய்ப்பு அதிகம். சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைக்கும் பக்குவம் அவர்கள் கையில் இருக்கிறது. செட்டிநாட்டுச் சுவர்களின் கண்ணாடிப் பளபளப்புக்கு, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேரும். இப்போது அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. தெரியும் என்று சொல்பவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நல்ல நிலையில் இருக்கும் பழைய வீடுகள். ஊரில் ஒரு வீடாவது வருடாவருடம் ஓடு மாற்றி, மரத்துக்கு எண்ணெய் பூசி, பளிச்சென்று இருக்கும். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பேசுங்கள். வருடக்கணக்கில் வந்துபோகும் ஆட்களின் பெயரும் போன் நம்பரும் அவரிடம் இருக்கும். யார் சொன்ன நாளில் வருவார், யார் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காணாமல் போவார் என்ற விவரமும் சேர்த்துக் கிடைக்கும்!

மூன்றாவது, விடுதிகளாக மாறிய வீடுகள். கடியாபட்டி ராமச்சந்திரபுரத்தில் உள்ள சிதம்பர விலாஸ் இன்று பாரம்பரிய விடுதி. பக்கத்து சிவகங்கை மாவட்டத்தின் கோத்தமங்கலத்தில், சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சு ஆர்க்கிடெக்டுகள் சீரமைத்து விடுதியாக நடத்தி வந்தார்கள். இந்த மாதிரி இடங்களில் ஒருநாள் தங்கினால், பழைய சுவரில் ஏசியையும் ஒயரிங்கையும் எப்படிக் கொண்டுவந்தார்கள், பாத்ரூமை எங்கே வைத்தார்கள் என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஹோட்டல் வாடகையை டியூஷன் ஃபீஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மழை கணக்கு

ஆள் கிடைத்துவிட்டார். நம்பலாமா? அவர் செய்த வேலையைக் காட்டச் சொல்வோம். அவரும் போன வாரம் முடித்த வீட்டைக் காட்டுவார். போன வாரம் முடித்த வேலை எல்லாமே அழகாகத்தான் இருக்கும்!

குறைந்தது மூன்று மழைக்காலம் தாண்டிய வேலையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ஐப்பசி மழையைத் தப்பிப்பது அதிர்ஷ்டமாக இருக்கலாம். மூன்று ஐப்பசி கார்த்திகையைத் தாண்டியும் ஒழுகாத கூரை, பொரியாத சுவர் என்றால், அதில் கைப்பழக்கம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: 'வேலை முடிந்தபிறகு ஏதாவது குறை சொல்லிக் கூப்பிட்டீர்களா? கூப்பிட்டபோது வந்தாரா?' குறையே வராத வேலை அபூர்வம். குறை வந்தபோது வந்து நிற்கும் ஆள்தான் நமக்கு வேண்டும்.

அப்படிப்பட்டவருக்கும் முழு வீட்டையும் உடனே கொடுத்துவிட வேண்டாம். ஒரு அறை, அல்லது ஒரு பக்கத் தாழ்வாரத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். நேரத்துக்கு வருகிறாரா, பழைய ஓட்டை உடைக்காமல் இறக்குகிறாரா, சாயங்காலம் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறாரா என்பது பத்து நாளில் தெரிந்துவிடும்.

ஆலோசனைக்கு யார்?

சுவரில் விரிசல், உத்தரத்தில் தொய்வு, தூணில் சாய்வு இருந்தால் மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை வரவழைத்துப் பாருங்கள். பழைய கட்டடங்களில் பழகியவராக இருப்பது முக்கியம். அவர் வேலையைச் செய்யும் காண்ட்ராக்டரின் ஆளாக இல்லாமல், உங்களிடம் நேரடியாக ஃபீஸ் வாங்குபவராக இருக்கட்டும். 'இடிக்கத்தான் வேண்டும்' என்று சொல்வதில் லாபம் இல்லாத ஒருவரின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால்தான் நம்பலாம்.

1984-ல் தொடங்கப்பட்ட இன்டாக் அமைப்புக்குத் தமிழ்நாட்டிலும் கிளைகள் உண்டு. பாரம்பரியக் கட்டடங்களில் அனுபவமுள்ள ஆர்க்கிடெக்டுகளைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். புதுச்சேரியில் இன்டாக் செய்த வேலை நல்ல உதாரணம். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வைசியாள் வீதியின் தமிழர் வீடுகள் சீரமைக்கப்பட்டன. செலவில் வீட்டுக்காரர்களும் பங்கு போட்டார்கள். திண்ணையும் தாழ்வாரமுமாக ஒரு தெருவே மீண்டும் எழுந்து நின்றது.

இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877-லேயே பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். பழைய வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சங்கம் இன்றும் சொல்லும் ஆலோசனையின் சாரம், நம் ஊர் கொத்தனார் சொல்வதுதான்: தேவையான இடத்தை மட்டும் தொடு, எந்தப் பொருளால் கட்டியதோ அதே பொருளால் சரிசெய், வருடாவருடம் பராமரி.

எழுத்தில் இருக்கட்டும்

வாய்ப்பேச்சில் தொடங்கும் வேலை, மனஸ்தாபத்தில் முடியும். ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

* எந்த வேலைக்கு நாள் கூலி, எதற்கு மொத்த காண்ட்ராக்ட்? திறந்து பார்த்தால்தான் தெரியும் என்ற கூரை வேலைக்கு நாள் கூலி பொருத்தம். அளந்து சொல்லக்கூடிய தரை, பெயின்ட் வேலைக்கு காண்ட்ராக்ட் பொருத்தம்.

* பொருள் வாங்கித் தருவது யார்? சுண்ணாம்பு, மணல், மரம் ஆகியவற்றை நீங்களே பார்த்து வாங்குவது நல்லது. ஆத்தங்குடி ஓடு தேவையென்றால் ஊருக்கே போய், கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்ப்பதைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கலாம்.

* பணம் எப்போது? பெரிய அட்வான்ஸ் வேண்டாம். நாள் கூலியை வாரக் கடைசியில் கொடுங்கள். காண்ட்ராக்ட் பணத்தை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள். கடைசிப் பகுதியை ஒரு மழை பெய்து பார்த்தபிறகு தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

* கழற்றிய பொருள் யாருக்கு? இதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பழைய தேக்கு விட்டம், நிலைக்கதவு, கல்தூண், பித்தளைக் குமிழ் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் கடைகளில், பிரித்த வீடுகளின் பாகங்கள் அடுக்கடுக்காக விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தாலே புரியும். 'இது உளுத்துப்போச்சு, தூக்கிப் போட்டுடுறேன்' என்ற மரம் எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே கதவு, தூண், விட்டம் ஒவ்வொன்றையும் எண்ணி, போனில் படம் பிடித்து வையுங்கள்.

* ஒயரிங்? லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் மட்டும் கொடுங்கள். சுண்ணாம்புச் சுவரைக் காடி வெட்டிக் குடையாமல், மேலோடு பைப்பில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் பில், ரசீது, வங்கி வழிப் பணப்பரிமாற்றம் இருக்கட்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வீடு கட்டும் பணியையும் சேவையாகவே பார்க்கிறது. ஏமாற்றப்பட்டால் 2 வருடங்களுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான விவகாரத்துக்குப் புகார்க் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். ஆனால், கையில் தாள் இல்லாமல் எங்கே போனாலும் பேச்சு எடுபடாது.

எப்போது தொடங்குவது?

இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பிரதானம். அதனால் ஐப்பசி கார்த்திகையில் ஊருக்குப் போய், மழை பெய்யும்போதே வீட்டைச் சுற்றி வாருங்கள். எங்கே சொட்டுகிறது, எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் குறித்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இன்ஜினீயரும் தராத ரிப்போர்ட்டை மழை இலவசமாகத் தரும்! தை பிறந்ததும் ஆளைப் பேசி, கூரையில் தொடங்கி, பிறகு சுவர், கடைசியில் தரை என்று கீழே இறங்குங்கள். கோடையில் பூசும் சுண்ணாம்பு, வெயிலில் சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க ஈரச்சாக்கு போர்த்த வேண்டும். புரட்டாசிக்குள் கூரை முழுசாக மூடியிருக்க வேண்டும்.

ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். கூரை ஒழுகாமல் இருந்தால் வீடு காத்திருக்கும். கையில் இருக்கும் காசு குறைவென்றால் அதை ஓட்டுக்கும் வாரிக்கும் மட்டும் செலவழியுங்கள். பெயின்டும் சாண்ட்லியரும் அடுத்த தைக்கு ஆகட்டும்.

முக்கியமாக, வேலை நடக்கும்போது வீட்டு மனிதர் ஒருவர் அங்கே இருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவில் பூச்சின் நிறம் தெரியும். உள்ளே இருக்கும் சாந்து தெரியாது. மதியம் ஆட்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்தால், இந்த வீட்டின் உத்தரம் எந்த மரம், எந்த மூலை எப்போதும் ஒழுகும் என்று அவர்களே சொல்வார்கள். சில சமயம் அந்தக் கொத்தனாரின் அப்பாதான் உங்கள் தாத்தாவுக்கு ஓடு மாற்றியவராக இருப்பார். அந்த உறவு உங்கள் வீட்டில் தொடர்ந்தால், அடுத்த முப்பது வருடத்துக்குக் காண்ட்ராக்டர் தேட வேண்டிய வேலையே இருக்காது.